குடிக்கலாம், கண்ணில் விடக்கூடாது: கண்ணுக்குள் வரும் ஒட்டுண்ணிகள்

"அண்ணே, பைப் தண்ணிதானே? குடிக்கிற தண்ணிதானே?"

கடைக்கு வந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். காண்டாக்ட் லென்ஸ் போடத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. லென்ஸ் வைக்கும் டப்பாவை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். குழாயில் ஓர் அலசு அலசி ஈரத்தோடு மூடி வைத்துவிடுவாராம். என் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே பிடித்துக் குடிக்கலாம். ஊரிலிருந்து வரும் சித்தப்பா நம் சமையலறையில் நின்று "காய்ச்சின தண்ணி இல்லையா?" என்று தயங்கும்போது, நாம் கொஞ்சம் பெருமையோடு சொல்வதும் அதைத்தானே. அப்படிப்பட்ட தண்ணீர் கண்ணுக்கு மட்டும் ஏன் ஆகாது?

நான் கண் மருத்துவன் அல்லன். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவன். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே, கண்ணில் வரும் ஒட்டுண்ணித் தொற்றுகளில் பாதியைப் புரிந்துகொண்டது போலத்தான். மீதிப் பாதியையும் முடிந்தவரை சொல்கிறேன்.

முதலில், யார் இந்த ஒட்டுண்ணி?

இன்னோர் உயிரின் மேலோ உள்ளேயோ தங்கி, அதன் செலவில் பிழைப்பது ஒட்டுண்ணி. மாட்டின் காதோரம் உண்ணி பிடித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பாக்டீரியாவையும் வைரஸையும் மருத்துவர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே நாம் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லும் கண்வலி ஒட்டுண்ணி நோய் ஆகாது. அது பெரும்பாலும் அடினோ வைரஸின் வேலை. ஒட்டுண்ணி என்னும்போது அமீபா போன்ற ஒற்றைச் செல் உயிரிகள், புழுக்கள், பேன், சிற்றுண்ணி மாதிரியான பூச்சி வகையறா ஆகியவற்றைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம் கண்மேல் எந்த ஆசையும் கிடையாது. ஒன்று பூனையின் குடலைத் தேடிக் கிளம்பியது, இன்னொன்று பன்றியின் தசையை. வேறொன்று யாரையும் தேடாமல் குளத்துச் சேற்றில் நிம்மதியாக இருந்தது. வழி தவறிக் கண்ணில் வந்து மாட்டிக்கொள்கின்றன. அதனால் எந்தப் புழு என்று பெயரைக் கேட்பதைவிட, எந்த வழியாக வந்தது என்று கேட்பது பயனுள்ளது. வெளியிலிருந்து கண்ணின் மேற்பரப்பில் வந்து ஒட்டுவது ஒரு வழி. வாய் வழியாகவோ பூச்சிக் கடி வழியாகவோ உடம்புக்குள் புகுந்து உள்ளிருந்து கண்ணை அடைவது மற்றது.

டப்பாவுக்குள் ஒரு மேய்ச்சல் நிலம்

தம்பியின் டப்பாவுக்கு வருவோம். நம்மை உறுத்த வேண்டிய பெயர் அகாந்தமீபா. மண், குளம், நீச்சல் குளம், குழாய்த் தண்ணீர், குளிரூட்டியில் சொட்டும் நீர், காற்றில் பறக்கும் தூசி என்று அது இல்லாத இடம் இல்லை. சரியாகச் சொன்னால் இது ஒட்டுண்ணியே இல்லை. தன் பாட்டுக்கு பாக்டீரியாவை மேய்ந்து தானாக வாழத் தெரிந்த உயிர். நாம் இடம் கொடுத்தால் மட்டும் ஒட்டுண்ணி ஆகிறது.

தண்ணீரோடு சேர்த்து இதை விழுங்கினால் ஒன்றும் ஆவதில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பு என்பது வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளை ஒழிப்பதற்கு. தண்ணீரில் ஓர் உயிர்கூட மிஞ்சக்கூடாது என்பது அறுவை அறையின் விதி. சமையலறைக் குழாய்க்கு அந்த விதி இல்லை, தேவையும் இல்லை. இந்த அமீபாவோ சூழல் ஒத்துவராவிட்டால் இரட்டைச் சுவர் எழுப்பிக் கூட்டுக்குள் சுருண்டுகொள்ளும். குடிநீரிலும் நீச்சல் குளத்திலும் போடும் அளவு குளோரின் அந்தக் கூட்டை அசைக்காது. உணவில்லாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கூட்டுக்குள் உயிரோடு இருந்ததை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள்.

இமை கொட்டுவதும் கண்ணீர் சுரப்பதும் போதும், சாதாரணமான கண் இதைத் தள்ளிவிடும். கருவிழியின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை அமீபாவுக்குப் பிடி கிடைக்காது. லென்ஸ் அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. லென்ஸை மாட்டுவதிலும் கழற்றுவதிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். டப்பாவின் அடியில் வழவழவென்று படியும் பாக்டீரியாப் படலம் அமீபாவுக்கு நல்ல மேய்ச்சல். மேய்ந்து பெருகியது லென்ஸில் ஒட்டிக்கொள்கிறது. அதை நாமே எடுத்து, கீறல் விழுந்த கருவிழியின் மேல் வைத்து, பத்து மணி நேரம் அழுத்தி வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு மென்மையான லென்ஸ் குழாய்த் தண்ணீர் பட்டால் உப்பும், வடிவம் மாறும், கண்ணோடு ஒட்டும். கீறல் இன்னும் கூடும்.

வளர்ந்த நாடுகளில் இந்தத் தொற்று வருவோரில் பத்துக்கு எட்டுப் பேருக்குமேல் லென்ஸ் போடுபவர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பார்த்தால் கதை வேறு: அங்கே வயல் சேறும் அழுக்குத் தண்ணீரும் கண்ணில் தெறித்து வருவதுதான் அதிகம். சிங்கப்பூர் இளையரில் பத்தில் எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை. வயல் இங்கே இல்லை, லென்ஸ் வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆகவே நம் ஊருக்கான ஒட்டுண்ணி எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். தூங்கும்போது கருவிழியை அழுத்திச் சீராக்கும் கெட்டி லென்ஸைப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் பெற்றோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிழக்காசியாவில் அத்தகைய லென்ஸ் போட்ட பிள்ளைகளுக்கு இந்தத் தொற்று வந்திருக்கிறது, குழாய்த் தண்ணீரில் அலசியது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அறிகுறி? பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் தொடங்கும். சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்க முடியாமை. இவை எல்லாக் கண்வலிக்கும் பொது. பல நேரங்களில் இதைக் காட்டிக்கொடுப்பது வலிதான். கண்ணைப் பார்த்தால் கொஞ்சம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். நோயாளியோ இரவெல்லாம் தூங்கவில்லை என்பார். அமீபா கருவிழியின் நரம்புகளை ஒட்டியே ஊர்வதால் அப்படி. தொடக்கத்தில் இது ஹெர்ப்பிஸ் வைரஸ் புண்ணைப் போலவே தெரியும். அதனால் அதற்கான மருந்தோ ஸ்டீராய்டு சொட்டோ கொடுத்து, வாரக்கணக்கில் நாள் போய்விடுவதும் உண்டு. கருவிழியில் வெள்ளை வளையம் தெரியும் கட்டத்தில் நோய் முற்றியிருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கருவிழியை லேசாகச் சுரண்டி எடுத்ததை, ஈகோலை பாக்டீரியாவைப் புல் மாதிரி பரப்பிய தட்டில் வைப்பார்கள். அமீபா இருந்தால் மேய்ந்துகொண்டே போகும்; நுண்ணோக்கியில் அதன் தடம் தெரியும். ஆடு போன வழியைத் தோட்டத்தில் பார்ப்பது போல.

சிகிச்சை நீளமானது. முதல் இரண்டு நாள் இரவு பகல் பாராமல் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. பிறகு இடைவெளி விட்டு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரை. அந்த மருந்துகளில் முக்கியமான ஒன்று, நீச்சல் குளத்தைச் சுத்தப்படுத்தவும் பயன்படும் கிருமிநாசினியின் மிக மெல்லிய கரைசல். வடு ஆழமாக விழுந்துவிட்டால் கருவிழி மாற்று அறுவைதான்.

தம்பிக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலரவிட்ட பிறகு லென்ஸைத் தொடுங்கள். டப்பாவை லென்ஸ் திரவத்தால் மட்டும் அலசி, மூடியைத் திறந்து கவிழ்த்து உலர வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது டப்பா. நேற்றைய திரவத்தின் மேல் இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்பாதீர்கள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றி நீட்டுகிற வேலை இதில் வேண்டாம். குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸ் கூடாது. இதெல்லாம் தொல்லை என்றால், தினம் ஒன்றைப் போட்டு மாலையில் தூக்கி எறியும் வகைக்கு மாறுங்கள். டப்பாவும் இல்லை, மேய்ச்சலும் இல்லை.

சேறும் ரக்பியும்

கண்ணின் மேற்பரப்பில் வரும் இன்னொன்று மைக்ரோஸ்போரிடியா. இதை ஒட்டுண்ணி என்பதா பூஞ்சை என்பதா என்று அறிஞர்களிடையே நெடுங்கால இழுபறி. இப்போது பூஞ்சையின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறார்கள். பாடப்புத்தகங்கள் பழக்கதோஷத்தால் இன்னும் ஒட்டுண்ணி அத்தியாயத்திலேயே வைத்திருக்கின்றன.

2012 ஏப்ரலில் சிங்கப்பூரில் நடந்த ஒரு ரக்பிப் போட்டிக்குப் பிறகு, ஆடிய வீரர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குக் கண் சிவந்து உறுத்தியது. சேறான திடலில் விழுந்து புரண்ட ஆட்டம். காரணம் இந்த உயிரிதான் என்று தெரிந்தது. தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைப் பயிற்சியில், மழையில் நனைந்த மண்ணில் தவழ்ந்து திரும்பும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பார்க்க மெட்ராஸ் ஐ மாதிரியே இருக்கும். நல்ல வேளையாக, உடம்பில் எதிர்ப்புச் சக்தி உள்ள பெரும்பாலோருக்குக் கருவிழியில் பெரிய சேதம் இல்லாமல் ஆறிவிடுகிறது. ஆனாலும் சேறு தெறித்த சில நாள் கழித்துக் கண் சிவந்தால், மருத்துவரிடம் அந்தச் சேற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. தென்னிந்தியக் கிராமங்களில் குளத்திலும் கால்வாயிலும் குளிக்கும் பிள்ளைகளின் கண்ணில் சிறு வெண்கட்டிகள் வருவதை மதுரைக் கண் மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். நீர் நத்தை வழியாகப் பரவும் தட்டைப்புழுவே காரணம் என்று கண்டார்கள். குளத்தில் குளிக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குப் போய் வந்தபின் பிள்ளையின் கண் சிவந்தால் குளத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

உள்ளிருந்து வருபவை

2024 செப்டம்பர் முதல் சிங்கப்பூரின் வீவக வீடுகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில், பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. அதற்கு முன்பு யாருமே வளர்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். பூனை என்றதும் சிலர் டாக்சோபிளாஸ்மாவின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, நிறைய மிகை.

டாக்சோபிளாஸ்மா ஒற்றைச் செல் உயிரி. அதன் சொந்த வீடு பூனையின் குடல். முதன்முறை தொற்றிய பூனை சில வாரங்கள் மட்டும் மலத்தில் அதன் விதைகளை வெளியேற்றும். அந்த மலத்திலிருந்து பிறருக்குத் தொற்ற, அது குறைந்தது ஒரு நாளாவது வெளியில் கிடக்க வேண்டும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும். கர்ப்பிணிகள் மட்டும் அந்த வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது தள்ளிவிட வேண்டும், ஏனென்றால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போய் அதன் விழித்திரையிலேயே வடு விழலாம். வீட்டுக்குள்ளேயே இருந்து கடைத் தீனி தின்னும் பூனையைவிட, சரியாக வேகாத இறைச்சியும் சுத்தமில்லாத தண்ணீரும்தான் கவலைக்குரியவை.

தண்ணீர் என்றால் எந்த அளவுக்கு? 2004-2005 காலத்தில் கோயம்புத்தூரில் 248 பேருக்குக் கண்ணில் டாக்சோபிளாஸ்மா கண்டறியப்பட்டது. மருத்துவர்களின் ஐயம் பூனைகள்மீது விழவில்லை. ஊருக்கே போன குடிநீர்மீதுதான் விழுந்தது.

இது விழித்திரையைத் தாக்கும். வெளியே கண் அவ்வளவாகச் சிவக்காமல்கூட இருக்கும். பார்வை மங்கும், கண்முன் புள்ளிகளும் ஒட்டடையும் மிதக்கும். உள்ளே பார்க்கும் மருத்துவருக்குப் பனிமூட்டத்தில் வரும் வண்டியின் முன்விளக்குப் போல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். ஆறினாலும் வடுவின் ஓரத்தில் உயிரி உறங்கிக் கிடக்கும். ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி எழும். ஒருமுறை வந்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பன்றி நாடாப்புழு. "நாங்க சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்பவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் முட்டைகள் போகும். அந்த முட்டை, கழுவாத கையிலோ கழுவாத கீரையிலோ ஒட்டி இன்னொருவர் வாய்க்குள் போனால், அவர் உடம்பில் நாடாப்புழு வளராது. இளம்புழுக்கள் இரத்தத்தில் பரவி மூளையிலும் தசையிலும் கண்ணிலும் நீர்க்கட்டியாக உட்காரும். ஆக, இறைச்சி தின்றவருக்குக் குடலில் புழு, அவர் கையால் பரிமாறப்பட்ட பச்சைக் கொத்தமல்லியைத் தின்ற சைவருக்குக் கண்ணில் கட்டி. அநியாயம்தான், ஆனால் நடப்பது அப்படித்தான்.

இங்கேதான் கண்ணின் விசித்திரம் ஒன்று தெரிகிறது. கட்டிக்குள் புழு உயிரோடு இருக்கும்வரை பல நேரங்களில் கண் அமைதியாகவே இருக்கும். புழு செத்ததும் உள்ளிருப்பது கசியும், நம் எதிர்ப்புச் சக்தி கொதித்தெழும், அந்தச் சண்டையில் கண் பாழாகும். ஆகவே விழிக்குள் உயிருள்ள கட்டி இருக்கும்போது புழுக்கொல்லி மாத்திரையை மட்டும் கொடுப்பது ஆபத்து. அறுவை செய்து எடுப்பார்கள்.

பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வரும் ஆற்றுக் குருடு நோயும் இதே கதைதான். வேகமாக ஓடும் ஆற்றங்கரையில் வாழும் கருப்பு ஈ திரும்பத் திரும்பக் கடிப்பதால் புழு உடம்பில் ஏறுகிறது. தாய்ப்புழு தோலுக்கடியில் முடிச்சாகக் கிடந்து பத்தாண்டுக்கு மேல் குஞ்சு பொரிக்கும். பார்வையைக் கெடுப்பது, கண்ணில் வந்து செத்துப்போகும் அந்தக் குஞ்சுகளால் எழும் அழற்சி. அதற்கு வந்த மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அருகே எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. 1987 முதல் அதைத் தயாரிக்கும் நிறுவனம் இந்த நோய்க்கு இலவசமாகக் கொடுத்து வருகிறது. சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். 2013-ல் கொலம்பியா இந்த நோயை ஒழித்த முதல் நாடானது. சிங்கப்பூரில் இது கிடையாது. கோவிட் காலத்தில் இந்த மருந்துக்கு நம் வாட்ஸ்அப் குழுக்கள் கொடுத்த வேலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

நாய்க்குட்டி குடலில் வாழும் உருண்டைப்புழு பிள்ளைகளின் கண்ணில் வழி தவறி வருவதும் உண்டு. இங்கே மணல் போட்ட விளையாட்டுத் தளங்கள் அருகி ரப்பர் தரையாகிவிட்டது ஒருவிதத்தில் நல்லது. குட்டிக்குப் புழு மருந்து கொடுத்து, பிள்ளையின் கையைக் கழுவ வைத்தால் போதும். ஆனால் ஒன்று: புகைப்படத்தில் பிள்ளையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது புழுவாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அந்தக் காணொளிகள்

வெள்ளை விழியின் மேல் நூல் மாதிரி புழு நெளியும் காணொளி எல்லார் கைப்பேசிக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். பொய் இல்லை. நடு ஆப்பிரிக்காவில் மான் ஈ கடித்து வரும் லோவா லோவா அப்படித்தான் விழியைக் கடக்கும். கேரளத்திலும் இலங்கையிலும் நாயிடமிருந்து கொசு கொண்டுவரும் டைரோஃபைலேரியா அதே இடத்தில் தோன்றும். கண்ணீரை நக்க வரும் சிறு ஈ விட்டுச் செல்லும் தெலாசியாவும் உண்டு. கண்ணையே வீடாகக் கொண்ட வெகு சிலவற்றில் அது ஒன்று. பார்க்கத்தான் பயங்கரம். கண்ணின் மேல் தெரியும் அந்தப் புழுவை மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு விட்டு எடுத்துவிடுவார், பெரும்பாலும் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. காணொளிக்கே வராத அமீபாவோடு ஒப்பிட்டால் இவை சாதுக்கள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் இமைமுடி வேரிலேயே டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு, வயது ஏற ஏறக் கூட்டமும் கூடும். பலருக்கு ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்கு மட்டும் காலையில் இமை அரிக்கும், முடியின் அடியில் குழல் மாதிரி பொடுகு சுற்றியிருக்கும். இமையைச் சுத்தமாக வைப்பதே முதல் வைத்தியம். 2023-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சொட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நாய்களின் உண்ணிக்குக் கொடுக்கும் மருந்தின் சரக்கேதான் அது.

எப்போது போவது? கண் சிவந்து, வலியும் வெளிச்சக் கூச்சமும் இருந்து, நீங்கள் லென்ஸ் போடுபவராகவும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். லென்ஸைக் கழற்றுங்கள். பலதுறை மருந்தகத்துக்கோ, இரவானால் அவசரப் பிரிவுக்கோ போங்கள். தேவையென்றால் கண் நிலையத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், ஆய்வகத்துக்கு உதவும். நீந்தியது, சேறு, ஊர்ப் பயணம், வளர்ப்புப் பிராணி எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலியை மறைத்து நோயை வளர்க்கும். பாட்டி சொல்லும் தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூவும்கூட அன்றைக்கு வேண்டாம்.

அந்தத் தம்பி ஒரு பாட்டில் திரவமும் புது டப்பாவும் வாங்கிக்கொண்டார். பழைய டப்பாவைக் குப்பையில் போட்டுவிடச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு ஒட்டுப் பொட்டு வைக்க வசதியாக இருக்குமாம்.